மூன்றாவது மூடிக்குக் கீழே

டிசம்பர் 3

காலை ஐந்து மணிக்கு அப்பாவுக்கு அழைத்தேன். வழக்கம்போல அவர் பேசவில்லை. போனை வேலிப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார். டக். டக். டக். யானைக் கம்பிக்கு மின்சாரம் அனுப்புகிற பெட்டி அது. அந்தச் சத்தம் கேட்டால் கம்பியில் உயிர் இருக்கிறது, காவல் கொட்டிலில் அப்பா இருக்கிறார். பிறகுதான் நான் முகம் கழுவுவேன்.

ஒரு டக்குக்கும் அடுத்ததற்கும் நடுவில் 'ஒன்று' என்று சொல்ல நேரம் இருக்கும். இன்று 'ஒன்று, இரண்—' வரை வந்தது.

மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் அப்படித்தான்.

"பெட்டி மெதுவா அடிக்குதுப்பா" என்றேன். "மழைக்கு அப்புடித்தான் புள்ள" என்றார்.

மழைக்கும் பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கிறது. மழையென்றால் வெயில் இல்லை. வெயில் இல்லையென்றால் சோலார் தகடு பற்றறிக்கு ஒன்றும் கொடுக்காது. ஆனால் போன மார்கழியிலும் இதே மழைதான். அப்போது பெட்டி இப்படி இழுக்கவில்லை.

டிசம்பர் 5

வேலை செய்கிற கடையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு வேலிக்குப் போனேன். வேலிச் சங்கத் தலைவர் அப்புத்துரை பற்றறியைச் சோதிக்க வந்தார். பதினொரு மணிக்கு. அவர் எப்போதும் பதினொரு மணிக்குத்தான் வருவார். காலையில் பால், பூசை, பேப்பர்.

அவருடைய சோதனை இதுதான்: ஒரு துண்டு வயர். ஒரு முனை இந்தப் பக்கம், மறு முனை அந்தப் பக்கம் உரசல். பட்டென்று நீலப் பொறி.

"பாத்தியே பிள்ளை, பொறி பறக்குது. இதுக்கு மேல என்ன சோதினை?"

"ஐயா, இப்ப வெயில் எறிக்குது. தகடு பூட்டியிருக்கு. விடியப்புறம் பாக்கவேணும்."

"நீ போன் திருத்திறனீ. இது போன் இல்லை."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் துவாயைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எட்டு மைல் வேலி. சங்கத்துப் பெரிய ஆட்களின் வயல்கள் எல்லாம் வாய்க்காலோடு உள்ளே. எங்கள் பக்கம் காட்டோரம். தாத்தா காலத்தில் மலைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாங்கள், அதனால் ஊர் அதை 'லயன் பக்கம்' என்று சொல்கிறது. இங்கே ஒரு லயனும் இல்லை. அப்பா பிறந்ததே இங்கேதான். ஆனாலும் காவல் கொட்டிலில் படுப்பதற்கு மட்டும் எப்போதும் லயன் பக்கத்து ஆள்தான் பொருத்தமாம். போன மாசி வரை வீரகத்தியண்ணை படுத்தார். அவருடைய உடலை ஒரு விடியற்காலை வாய்க்காலுக்குள்ளிருந்து எடுத்தார்கள். யானை. குடித்துவிட்டுத் தூங்கியிருப்பார் என்று சங்கத்தில் ஒருவர் சொன்னார். வெற்றிலைகூடப் போடாத மனிதர்.

அவருடைய இடத்துக்குத்தான் அப்பா போனார்.

டிசம்பர் 6

கடை மல்டிமீற்றரைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். நண்பகல்: 13.2 வோல்ற். அழகான எண். பொய்.

கடைக்காரர் கிருபன் அண்ணையிடம் சொன்னேன். மாங்குளம் சந்தியில் போன் திருத்துகிற கடை அவருடையது. நான் இரண்டு வருடமாக அங்கே வேலை. "வெயிலுக்க பாத்தா எல்லாப் பற்றறியும் மாப்பிள்ளைதான் சுதா" என்றார். "தகட்டைக் கழட்டிப்போட்டு, ஆறவிட்டு, விடியப் பாரும்."

டிசம்பர் 7

விடிய ஐந்தரைக்குப் போனேன். தகட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். 12.3.

கெட்ட எண் என்றும் சொல்ல முடியாது. நல்ல எண்ணும் இல்லை. இப்படி நடுவில் நிற்கிற எண்ணை வைத்து யாரோடு சண்டை பிடிப்பது?

டிசம்பர் 9

மழை. மூன்று நாளாகச் சூரியன் இல்லை.

டிசம்பர் 10

இன்று காலை கொட்டிலுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். வேலிக் கட்டை இரண்டு உள்ளே சரிந்து கிடந்தது. கம்பி அறவில்லை. கம்பியைத் தொடாமல் கட்டையை மட்டும் காலால் மிதித்துச் சரித்திருக்கிறது. தனியன் யானை ஒன்று இரண்டு வாரமாகப் பாலை மரங்களுக்குள் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

கால் தடத்தில் மழைத் தண்ணீர் நின்றது. அதற்குள் என் இரண்டு காலையும் சேர்த்து வைக்கலாம். அங்கிருந்து கொட்டில் வாசல் வரை நடந்து பார்த்தேன். ஆறு அடி வைத்தேன். ஆறுதான்.

அது ஒவ்வொரு நாளும் வந்து கம்பியைச் சோதிக்கிறது. எங்களுக்குத் தெரியாததை அது தெரிந்துகொள்ளப் பார்க்கிறது. பொறி பார்க்கிற மனிதர்களைவிட அதற்குப் பொறுமை அதிகம்.

கொண்டுபோன சாப்பாட்டை அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"அப்பா, கொஞ்ச நாள் வீட்டுல படுங்க" என்றேன்.

"ஒம் பயத்துக்காகக் காவல விட முடியுமா புள்ள? அப்புறம் நம்மளப் பத்தி என்னா பேசுவாங்க?"

என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டுமே. வீரகத்தியண்ணையைப் பற்றிப் பேசவில்லையா?

டிசம்பர் 12

இன்று கடையில் வேலை நடக்கவில்லை. பற்றறியைச் சோதிக்க எதை எடுப்பது என்று கிருபன் அண்ணையோடு ஒரே கதை.

பக்கத்து மோட்டார் பாகக் கடையில் ஒரு பெரிய கருவி இருக்கிறது, உள்ளே அடுப்புக் கம்பிபோலச் சுருள். பற்றறியை முழுப் பலத்தோடு வேலை வாங்கி அளக்கும். கராஜ்காரர்களுக்கு நல்லது. அதைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் போக எனக்குக் கையில் பலம் இல்லை. அதைத் தரவும் மாட்டார்கள்.

அடுத்தது கையளவு டிஜிட்டல் டெஸ்டர். இரண்டு கிளிப்பைப் பூட்டினால் திரையில் இத்தனை வீதம் நலம் என்று காட்டும். எனக்கு அதில்தான் ஆசை. கிருபன் அண்ணை வேண்டாம் என்றார். "அது கார் ஸ்டார்ட் அடிக்கிற பற்றறிக்கு வைக்கிற பரீட்சை. உங்கட பற்றறி இரா முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கிற ஆள். ஓட்டக்காரனுக்கு வைக்கிற பரீட்சையை மாட்டு வண்டிலுக்கு வைச்சால் என்ன மார்க்ஸ் வரும்?"

கடைசியில் பழைய மோட்டார் சைக்கிள் முன் விளக்கு ஒன்றைக் கழற்றி, இரண்டு வயர் பற்றவைத்துத் தந்தார். "இதைக் கொழுத்திப்போட்டுப் பத்து நிமிசம் மீற்றரைப் பாரும். சும்மா இருக்கேக்க ஆரும் பலசாலிதான். சுமை ஏத்தினால் தெரியும்."

டிசம்பர் 13

விடிய. தகடு கழற்றியாயிற்று. பல்ப் இல்லாமல் 12.3. பல்பைப் பூட்டினேன், 11.7. ஐந்து நிமிடத்தில் 11.2. பத்தாவது நிமிடம் 10.8. வெளிச்சம் மஞ்சளாகி, கரட் நிறத்துக்கு வந்தது.

இந்தப் பற்றறிதான் எட்டு மைல் வேலியை விடியும் வரை தாங்குகிறது என்று ஊர் நித்திரை கொள்கிறது.

நேரே அப்புத்துரையின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிறுத்தியே கேட்டார். நான் எண்களைச் சொன்னேன்.

"பல்பைக் கொழுத்தினால் பற்றறி இறங்கத்தானே செய்யும்? இருந்ததையும் நீதான் இறக்கிப்போட்டாய். இனி அதுக்குக் கிட்டப் போகாதை, சொல்லிப்போட்டன்."

பதில் சொல்ல வாய் திறந்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது முழுப் பிழை. ஆனால் கேட்கிற எவருக்கும் சரியென்று படும். அதுதான் பயம். இனி கம்பி செத்தால் என் பல்ப் கொன்றது என்பார்கள்.

டிசம்பர் 14

எனக்கு வேண்டிய கருவி: பற்றறியிலிருந்து ஒரு பொட்டுக்கூட எடுக்கக் கூடாது. பதினொரு மணி வெயிலிலும் உண்மை சொல்ல வேண்டும். கண்ணாடி போட்ட கிழவரும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி ஒன்று உண்டா?

டிசம்பர் 15

உண்டு. அசிட் மீற்றர். கிருபன் அண்ணையின் மேசைக்குள்ளேயே கிடந்தது. "எங்கட அப்பர் லொறி வைச்சிருந்த காலத்துச் சாமான். இப்ப எல்லாரும் மூடின பற்றறிதானே, ஆரும் தேடுறேல்லை. உங்கடையில ஆறு மூடி இருக்கெல்லே? அப்ப இதுதான்."

ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் மெல்லிய வாய், மேலே ரப்பர் குமிழ். குமிழை அமுக்கி விட்டால் பற்றறியின் அசிட் குழாய்க்குள் ஏறும். உள்ளே ஒரு மிதவை. அசிட் உரமாக இருந்தால் மட்டம் பச்சைக் கோட்டில் நிற்கும். குறைந்தால் வெள்ளை. சாகக் கிடந்தால் சிவப்பு. பார்த்ததும் அசிட்டைத் திரும்ப அதே ஓட்டைக்குள் விட்டுவிடலாம். ஒன்றும் குறையாது. ஒவ்வொரு மூடிக்குக் கீழும் ஒரு கலம்; வெயில் ஏறியதென்று செத்த கலத்தைப் பச்சையாகக் காட்டவும் மாட்டாது.

கொட்டிலுக்கு ஓடினேன். முதல் மூடி: வெள்ளை. இரண்டாவது: வெள்ளை. மூன்றாவது—

மிதவை எழும்பவே இல்லை. சிவப்புக்கும் கீழே.

நாலு, ஐந்து, ஆறு: வெள்ளை. மூன்றாவதற்குத் திரும்பப் போனேன். அதே சிவப்பு. சட்டையில் அசிட் தெறித்து மிளகு மாதிரி ஓட்டைகள். அதை அப்போது காணவில்லை.

மூன்றாவது மூடியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. எங்கள் தேநீர்க் கேத்திலுக்குள் படிகிற அதே சுண்ணாம்புப் படிவு. விரலால் சுரண்டினேன். கல்.

"அப்பா, இதுக்குள்ள என்ன தண்ணி விட்டீங்க?"

"கோயில் கெணத்துத் தண்ணி புள்ள." முகத்தில் பெருமை. "வீட்டுக் கெணறு சவரு. கோயில் தண்ணிதான் ஊருலயே நல்ல தண்ணி. இந்த மூணாவது ஓட்டைக்குத்தான் தாகம் ஜாஸ்தி, அடிக்கடி ஊத்துவேன்."

தான் குடிக்க உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீரைக் கொண்டுபோயிருக்கிறார். பற்றறிக்கு நல்ல தண்ணீர்.

டிசம்பர் 16

கடவுளே. இப்ப நான் என்ன செய்ய?

பற்றறிக்குக் கிணத்துத் தண்ணி விடக்கூடாது எண்டு ஆரும் அப்பாவுக்குச் சொல்லேல்ல. சொல்லியிருந்தா அந்த மனுசன் விடுவாரா? பற்றறித் தண்ணிப் போத்தல் மாசம் ஒண்டு சங்கம் தரவேணும். ஆனியோட நிண்டுபோச்சு. கேட்டதுக்கு, 'மறந்துபோனம், அடுத்த மாசம்.' தண்ணி வத்த வத்த அந்த மனுசன் பாத்துக்கொண்டு நிக்கேலுமா? தனக்குத் தெரிஞ்ச நல்ல தண்ணிய விட்டார். அது பிழையா?

பிழைதான். பற்றறிக்கு இதெல்லாம் தெரியாது. அதுக்குக் கல்லுத் தண்ணி கல்லுத் தண்ணிதான்.

மூன்றாவது கலம் செத்தது என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் அப்பா தொலைந்தார். சொல்லாவிட்டால் பழைய பற்றறியே இருக்கும். அப்போதும் அப்பா தொலைந்தார். வேறு விதமாக.

டிசம்பர் 18

செய்துவிட்டேன். அப்பா குளிக்கப் போன நேரம் அப்பச்சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, பழைய பல் துலக்கியால் மூன்றாவது மூடியைச் சுற்றித் தேய்த்தேன். நுரைத்தது. துடைத்தேன். வெள்ளை ஒன்றும் இல்லை. இனிக் கேட்டால் 'பழசாய்ப் போச்சு' என்று சொல்லலாம்.

ஊரையெல்லாம் பொய்யர் என்று எழுதிய அதே கொப்பியில்தான் இதையும் எழுதுகிறேன்.

டிசம்பர் 20

பதினொரு மணிக்கு அப்புத்துரை வந்தார். அசிட் மீற்றரைக் காட்டி, "இது ஒண்டும் இறக்காது ஐயா, நீங்களே உறிஞ்சிப் பாருங்கோ" என்றேன். மறுக்க முடியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவதில் குழாயை இரண்டு தரம் தட்டினார். திரும்ப உறிஞ்சினார்.

பிறகு அப்பாவைப் பார்த்தார். "கணபதி, என்ன தண்ணி விட்டனீ?"

நான் 'பழசாய்—' என்று தொடங்குவதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "கோயில் கெணத்துத் தண்ணிங்க."

தேய்த்த பல் துலக்கி என் பைக்குள் இருந்தது.

"தேயிலைக்கும் பற்றறிக்கும் ஒரே தண்ணி எண்டு நினைச்சிட்டார் போல" என்றான் பின்னால் நின்ற ஒருவன். சிரிப்பு.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. "அப்பா தேயிலைச் செடியைக் கண்டதே இல்லை. நீங்கள் ஆனியில நிப்பாட்டின பற்றறித் தண்ணி எங்கை எண்டு முதல்ல சொல்லுங்கோ. ஆறு மாசம் அவர் வேற எதை விடுறது? சிறுநீரையோ?"

சிரிப்பு நின்றது. அப்பா என் கையைப் பிடித்தார்.

தீர்ப்பு: பொங்கலுக்குப் பிறகு புதுப் பற்றறி. அப்பாவுக்குக் காவல் இனி இல்லை, வேறு ஆள் பார்க்கிறார்கள். ஆள் கிடைக்கும் வரை? அப்பாவே படுக்க வேண்டுமாம்.

பொங்கலுக்கு இன்னும் இருபத்தாறு நாள்.

டிசம்பர் 21

யாரும் வரச் சம்மதிக்கவில்லையாம். வருவார்களா?

அப்பாவுக்கு அசிட் மீற்றரைப் பழக்கினேன். எண்கள் வேண்டாம், நிறம் போதும். "மூணாவது செத்தாச்சு, அதை விடுங்க. மத்த அஞ்சும் வெள்ளையில நிண்டா இருங்க. இன்னொண்டு சிவப்புக்குப் போனா வீட்டுக்கு வாங்க. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணவில்லை. குழாயைத் துவாயில் சுற்றி வாங்கிக்கொண்டார்.

டிசம்பர் 22

டக்... ஒன்று, இரண்டு... டக்.

டிசம்பர் 23

மாலை ஆறு மணிக்கு வாசல் படலை திறந்த சத்தம். அப்பா. நனைந்து, துவாய்க்குள் குழாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"நாலாவதும் செவப்புல கெடக்கு புள்ள."

காவல் காலத்தில் அவர் வீட்டுக்கு வந்த முதல் மாலை இது. நான் இரண்டு வாரமாகக் கெஞ்சினேன், வரவில்லை. அம்மா அழுதார், வரவில்லை. ஒரு மிதவை தாழ்ந்தது, வந்துவிட்டார்.

"நீ சொன்னா பயத்துல சொல்றேன்னு நெனச்சேன்" என்றார். "இதுக்கு என்னா பயம்?"

வரும் வழியில் அப்புத்துரை வீட்டிலும் சொல்லியிருக்கிறார். 'பாப்பம்' என்றாராம்.

டிசம்பர் 24

கொட்டில் இல்லை.

தடிகள், கிடுகு, அப்பாவின் பாய், எல்லாம் சேற்றுக்குள். அவர் படுக்கிற பலகை நடுவால் முறிந்து கிடந்தது. சாப்பாட்டுச் சட்டி தட்டையாக, தட்டுப் போல. கம்பி அறுந்து அப்புத்துரையின் வயலுக்குள் இழுபட்டுப் போயிருந்தது. கதிர் வரக் குடலை தள்ளிய நெல், இரண்டு ஏக்கர், யானை உழக்கி எறிந்திருந்தது.

நான் அந்தப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். முறிந்த இடம் அப்பாவின் நெஞ்சு வருகிற இடம்.

அப்புத்துரை வந்தார். வயலைப் பார்த்தார். "கணபதி! நீ எங்கை நிண்டனீ?"

அப்பா துவாயை விரித்துக் குழாயைக் காட்டினார். "இது போகச் சொல்லிச்சுங்க. ஒங்ககிட்டயும் சொன்னேனுங்களே."

அவர் அப்பாவைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். நானும் தயாராக இருந்தேன், வாயில் நிறைய வைத்திருந்தேன். அவர் பலகைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். முறிந்த விளிம்பில் கை வைத்தார். கையை எடுக்க நேரம் எடுத்தது.

மத்தியானம் அவருடைய உழவு இயந்திரத்துப் பற்றறி வேலிப் பெட்டியில் பூட்டப்பட்டிருந்தது.

டிசம்பர் 31

புதுப் பற்றறி வந்தது. பொங்கல் வரைக்கும் காத்திருக்க யாருக்கும் துணிவில்லை. பற்றறித் தண்ணீர் ஒரு பெட்டி. புதுக் கொட்டில் வேலியிலிருந்து நாற்பது அடி தள்ளி.

கூட்டத்தில் நான் எழும்பிச் சொன்னேன்: இனிக் காவல் முறை வீட்டுக்கு வீடு. வாய்க்கால் பக்கமும் சேர்த்து. இல்லையென்றால் அசிட் மீற்றர் என் வீட்டிலேயே இருக்கும், பொறி பார்த்துக்கொள்ளுங்கள். முணுமுணுத்தார்கள். முடிவில் சீட்டுக் குலுக்கினார்கள்.

ஜனவரி 2

அம்மா அப்பச்சோடாவைத் தேடுகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் தேய்த்ததை அப்பாவிடம் சொன்னேன். "நொரைச்சிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 11

மழை விடவில்லை. ஐந்தாவது நாள். இன்றைய முறை அப்புத்துரைக்கு. மகன்மார் வெளிநாடு, அவரேதான் போக வேண்டும். மாலை நாலு மணிக்கு வந்து குழாயை வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்தே முக்காலுக்கு என் போன் அடித்தது.

"பிள்ளை." குரல் வேறு மாதிரி இருந்தது. "ஆறும் வெள்ளைக்கும் கீழ இறங்கிச் சிவப்பில முட்டுது. எல்லாம் ஒரே அளவா நிக்குது. பாலைக்குள்ள கொப்பு முறியிற சத்தமும் கேக்குது. நான் நிக்கவோ, வரவோ?"

ஆறும் ஒரே அளவென்றால் பற்றறியில் பழுது இல்லை. வெயில் காணாத பசி. விடியும் வரை தாங்கினாலும் தாங்கும். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. 'பொறி பறக்குதோ எண்டு பாருங்கோ ஐயா' என்று சொல்ல வாய் வந்தது. உண்மையில் வந்தது. வீரகத்தியண்ணை, பலகை, தேயிலைச் சிரிப்பு, எல்லாம் நாக்கு நுனியில் நின்றது.

போனுக்குள் பெட்டி அடிக்கிறது கேட்டது. டக். அதற்குப் பிறகு அவருடைய மூச்சு. ஒன்று, இரண்டு, மூன்—

"வாங்கோ" என்றேன். "ரோச் லைற்றை அணைக்காதேங்கோ. போனை வையாதேங்கோ. கதைச்சுக்கொண்டு வாங்கோ."

அவர் கதைக்கவில்லை. சேற்றுக்குள் கால் வைக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் அந்த அடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்று, எங்கள் ரோச்சை எடுத்துக்கொண்டு படலைக்கு வெளியே போனார்.

முன்னூற்று எழுபதாவது அடியில் இரண்டு வெளிச்சம் ஒன்றாக வந்தது.